கீழே இறங்கி வந்த புத்தகம்

தோட்டத்தில் எந்த லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றாலும் அவர் சுகம் விசாரிப்பதற்கு முன் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "உள்ளுக்கு யாரு?"

வாசலில் நாங்கள் நாலைந்து பேர் கும்பிட்டபடி நிற்போம். பைப்பில் தண்ணீர் வரவில்லை, தகரம் ஒழுகுகிறது, ரோட்டில் பள்ளம் என்று ஆளுக்கொரு குறை கையில் வைத்திருப்போம். எல்லாவற்றையும் கேட்டுச் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். எழுதி முடித்ததும் எங்கள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். "சரி, அது இருக்கட்டும். உள்ளுக்கு யாரு?"

அவர் எங்கள் சப்ரகமுவ மாகாண சபை மெம்பர். தமிழ்ச் சனம் அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கிடக்கிற இந்த மாகாணத்தில், தோட்டத்து லயத்தில் பிறந்த ஒருவர் அந்தச் சபையில் போய் உட்கார்ந்ததே பெரிய காரியம். எங்கள் வாக்கு மட்டும் போதாது. பஸாரில் இருந்த முஸ்லிம் கடைக்காரர்களும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களும் சேர்ந்து போட்டுத்தான் அவர் வந்தார். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. கக்கத்தில் ஒரு கட்டை வைத்துத்தான் நடப்பார். கட்டையின் அடியில் ரப்பர்த் துண்டு ஒட்டியிருப்பார். "நம்ம தோட்டத்து ஷீட்டு. நானே வெட்டி ஒட்டினது. எவ்வளவு மழைக்கும் வழுக்காது" என்று கேட்காதவர்களிடமும் காட்டுவார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எங்கள் தோட்டத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெம்பர் என்றால் அவர்தான். அவர் போன பிறகு எத்தனையோ பேர் அந்தப் பதவிக்கு வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது.

வாக்குக் கேட்டு வருகிறவர்கள் கோயில் முன்னால் உள்ள பிட்டி மைதானத்தில் நின்று மைக்கில் பேசிவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு காம்பராவாக, அறை அறையாக ஏறி இறங்கினார். பொம்பிளைகளுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அக்கா நேராகவே கேட்டுவிட்டாள்.

"என்ன மெம்பரே, எங்க அடுப்பையும் எண்ணிட்டுத்தான் போவீங்களா?"

"அடுப்ப எண்ணலீங்க அக்கா. தட்டத்தான் எண்ணுறேன். வெளிய நாலு பேரு நிக்கிறீங்க. உள்ளுக்குச் சோத்துத் தட்டு அஞ்சு காயுது. அஞ்சாவது தட்டு யாருக்கு?"

அந்த அக்காவின் மாமனார் கண் தெரியாமல் ஆறு வருஷமாக உள் காம்பராவில் படுத்திருந்தார். எங்களுக்குத் தெரியும். ஆனால் நாங்களே அவரை மறந்துபோயிருந்தோம். மெம்பர் உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று தெரியவில்லை. பெரியவர் சிரிக்கிற சத்தம் மட்டும் வெளியே கேட்டது. அடுத்த மாதமே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஏற்பாடாயிற்று. ஒரு கண்ணில் பாதி வெளிச்சம் திரும்பி வந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பார் என்றால், அவருக்கு அது தெரியும், அவ்வளவுதான். கொடியில் காயும் சட்டையின் அளவைப் பார்ப்பார். கதவு நிலையில் எந்த உயரத்தில் கைபட்டுக் கறுத்திருக்கிறது என்று பார்ப்பார். ஒருமுறை அவரே சொன்னார்.

"நானும் ஒம்பது வருசம் உள்ளுக்கு இருந்தவன் தானே. பெரிய டாக்டர் வந்தாலும் சரி, தோட்டத்துத் தொரை வந்தாலும் சரி, எங்கப்பா என்னய மூட்டைக்குப் பின்னால போட்டு மூடிருவாரு. பாவம், அவரு மேல தப்பில்ல. ஆனா மூட்டைக்குப் பின்னால இருந்து பாத்தா வாசல் எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியும்."

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அம்மன் சாட்சியாக ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பால் வெட்டுகிறவன். சாயங்காலம் மாரியம்மன் கோயில் கதவைத் திறந்து விளக்கேற்றுகிறதும் என் பொறுப்பு. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டாவது செல்வராணி. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே பலம் இல்லை. லயத்தில் வைத்துப் பிறந்தவள். தோட்டத்து மருத்துவச்சி, மிட்வைப் அம்மா வந்து பார்த்து, டிஸ்பென்சரிப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு போனார். அதற்கு மேல் நான் எந்தப் பதிவும் செய்யவில்லை.

அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது என் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். இப்படி ஒரு பிள்ளை குடும்பத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் பெண் எடுக்க யோசிப்பார்கள் என்று பயம். அந்த நேரம் பார்த்துக் கிராம சேவகர் வீட்டுப் பட்டியல் எழுத வந்தார். "எத்தனை பேர்?" என்றார். நான், மனைவி, மூத்தவள், தங்கச்சி. "நாலு பேருங்க மாத்தயா" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். நெற்றியில் விபூதி இருந்தது. தங்கச்சி கல்யாணமாகிப் போன பிறகு, "மூணு பேருங்க" என்று சொன்னேன். ஒருதரம் சொன்ன பொய்க்கு ஒவ்வொரு வருஷமும் சோறு போட வேண்டியிருந்தது.

மெம்பர் வந்தபோது அவளுக்கு எட்டு வயது.

"உள்ளுக்கு யாரு?"

"யாருமில்லீங்க."

அவர் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள் காம்பராவிலிருந்து பின்வாசல் வரைக்கும் ஒரு முழ அகலத்துக்குத் தரை கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. செல்வராணி சாக்கின் மேல் உட்கார்ந்து, கையை ஊன்றி இழுத்து இழுத்துப் போகிற பாதை அது.

"என் வீட்டுத் தரையும் இப்பிடித்தான் இருந்திச்சு" என்றார் மெதுவாக. "எங்கம்மா அந்தத் தடத்த மறைக்கப் பாய் போட்டு வைப்பாங்க."

என் மனைவி அழுதுவிட்டாள். "இருக்குங்க. எங்க சின்னவ" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள். பிள்ளை சாக்கோடு வந்து வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரையும் பார்த்தாள், கட்டையையும் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் காலு வராதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு வரும். ஒண்ணு வராது. ஒனக்கு?"

"ரெண்டும் வராது."

"அப்ப நீதான் பெரிய ஆளு. ஒனக்கு என்ன வேணும் சொல்லு."

எட்டு வருஷத்தில் நாங்கள் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்றுதான் கேட்டிருக்கிறோம். அவள் யோசிக்கவே இல்லை. "பள்ளிக்கூடம்" என்றாள். எங்கள் லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு ஓடைதான். பள்ளிக்கூடத்துக்கு அரைச் சுவர். பிள்ளைகள் சேர்ந்து சொல்லுகிற வாய்ப்பாடு தினமும் எங்கள் பின்வாசலுக்குக் கேட்கும். அதைக் கேட்டே பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் மனப்பாடமாக வைத்திருந்தாள். மெம்பர் முன்னால் கடகடவென்று ஒப்பித்தாள். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த நாளே தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனுஷன். "மூணாம் வகுப்பில சேத்துக்கிறேன் மெம்பர். ஆனா பிறப்புச் சான்று இல்லாம இடாப்பில பேரு ஏத்த முடியாதுங்க. தை மாசம் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள கொண்டாங்க. அதுக்கு மேல வயசு கூடிப் போச்சுன்னு மேலிடத்தில திருப்பி அனுப்பிருவாங்க" என்றார்.

அப்போது ஐப்பசி. மூன்று மாதம்கூட இல்லை.

பிறப்புப் பதிய வேண்டுமென்றால் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். அவர் பட்டியலைப் பிரித்து, வருஷா வருஷம் நான் வைத்த கையெழுத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார். தமிழ் நன்றாகப் பேசுவார்.

"நாலு பேருன்னு நீங்கதான் சொன்னீங்க. பொறகு மூணு பேருன்னு சொன்னீங்க. இப்ப திடீர்னு ஒரு எட்டு வயசுப் பிள்ள. எங்கிருந்து வந்திச்சு? இந்தியாவில இருந்து கப்பல்ல வந்திச்சா?"

எனக்குத் தலை நிமிரவில்லை. யாரோ வீட்டுப் பிள்ளையை என் பிள்ளை என்று ஏற்றப் பார்க்கிறேன் என்று அவர் நினைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியில், பிள்ளையை நேரில் கொண்டுபோய்ப் பதிவாளர் முன்னால் சத்தியக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

"மெம்பர், நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க அவங்ககிட்ட" என்று கெஞ்சினேன்.

"நான் கூட வர்றேன். ஆனா நான் பேச மாட்டேன். மறச்சது நீங்க. சொல்ல வேண்டியதும் நீங்க."

அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிய கோபம் பின்னால் வர இருந்தது.

பால் ஏற்றுகிற ட்ராக்டரில்தான் பஸாருக்குப் போனோம். செல்வராணி என் மடியில் உட்கார்ந்து வழியெல்லாம், "அது என்னாப்பா, இது என்னாப்பா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கடைப் பலகை, மணிக்கூடு, பஸ்ஸிலிருந்து பஸ்ஸுக்குத் தாவுகிற கடலைக்காரன், எல்லாம் அவளுக்குப் புதிது.

பதிவாளர் கந்தோர் ஒரு மாடிக் கட்டிடத்தின் மேல்தட்டில் இருந்தது. வெளிப்பக்கமாகப் பதினெட்டுப் படி. படியடியில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மேலேயிருந்து ஒரு கிளாக்கர் எட்டிப் பார்த்தார். மெம்பரைக் கண்டதும், "ஆ, மந்திரிதுமா, வாங்க வாங்க. பிள்ளைய அப்பாவத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார் சிங்களத்தில். மெம்பர்மாரை அவர்கள் மந்திரிதுமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் குனிந்தேன். மெம்பர் என் தோளில் கை வைத்தார்.

"வேணாம். தூக்காதீங்க."

"ஏனுங்க?"

"அவங்கள எறங்கி வரச் சொல்லுவோம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தினமும் தூக்குற பிள்ளதானுங்களே. பதினெட்டுப் படி எனக்குப் பெரிசில்ல. ரெண்டு வாளிப் பாலு தூக்கிட்டு மலை ஏறுறவன் நான்."

"நீங்க அப்பா. தூக்குவீங்க. நாளைக்கு அப்பா இல்லாத பிள்ள ஒண்ணு வந்தா?"

அந்தப் பேச்சு நியாயம்தான். ஆனால் அந்த நேரம் எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வராத பிள்ளைக்காக வந்த பிள்ளையை ஏன் படியடியில் போட வேண்டும்? இந்த மனுஷன் சபையில் பேசுவதற்கு என் மகள் ஒரு கதை ஆகிறாளா? மேலே இருக்கிறவருக்குக் கோபம் வந்து, "போய்ட்டு அடுத்த வருசம் வா" என்று சொல்லிவிட்டால் இவருக்கு என்ன நட்டம்? வாயைத் திறந்து கேட்டேவிட்டேன்.

"மெம்பர், ஒங்க சண்டைக்கு எம் பிள்ளதானா கெடச்சா?"

அவர் முகம் கொஞ்சம் வாடிப்போயிற்று. கோபப்படவில்லை. கட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்து, செல்வராணியின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார்.

"அப்பா கேக்கிறது சரி. நான் ஒன்னக் கேக்காம முடிவு பண்ணிட்டேன். நீ சொல்லு. அப்பா தூக்கிட்டுப் போனா இப்பவே வேல முடிஞ்சிரும். இங்கயே இருந்தா அவங்க வருவாங்களோ மாட்டாங்களோ, தெரியாது. எப்பிடி?"

அவள் மேலே பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள்.

"இங்கயே இருக்கேன். இங்கன்னா பஸ் பாக்கலாம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பிள்ளையே சொன்ன பிறகு அப்பன் என்ன சொல்வது?

கிளாக்கர் பாதிப் படி இறங்கி வந்தார். "என்ன மந்திரிதுமா, போன மாசம்கூட நீங்க நல்லா ஏறி வந்தீங்களே."

"அது என் தப்பு மாத்தயா" என்றார் மெம்பர். "நான் கஷ்டப்பட்டு ஏறி ஏறிக் காட்டினேன். அதனாலதான் ஏறலாம்னு ஒங்களுக்குத் தோணிப்போச்சு."

தூறல் விழத் தொடங்கியது. எதிரே துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிடத்து ஓரத்தில் போட்டார். "மெம்பர் சேர், சண்ட போடுறதெண்டா போடுங்க. புள்ளய நனைய வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கையில் ஒரு பணிஸ் ரொட்டியைக் கொடுத்தார். வியாபாரத்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். நான் மனதுக்குள் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். தாயே, நான் சொன்ன பொய்க்குத் தண்டனை எனக்குக் கொடு, பிள்ளைக்குக் கொடுக்காதே என்று வேண்டினேன்.

கடைசியில் பதிவாளரே மேல்படியில் வந்து நின்றார். வயதான மனுஷர். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. சத்தம் போடவில்லை. ஆனால் குரல் கண்டிப்பாக இருந்தது.

"மந்திரிதுமா, நான் இறங்கி வரலாம். ஆனா பதிவுப் புத்தகம் அறையை விட்டு வெளியே போகக்கூடாது. அது சட்டம். புத்தகம் இல்லாம நான் வந்து என்ன செய்ய?"

மெம்பர் பெஞ்சிலிருந்து எழுந்தார். அவர் கோயிலுக்கு வந்தால் வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவர். சாமி விஷயம் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சிங்களத்தில் பேசினார். நிறுத்தி நிறுத்தி, மரியாதையாகப் பேசினார்.

"ஐயா, பெரஹெரா ஊர்வலத்துக்குப் போவீங்களா?"

"போகாம?"

"ஒங்க தெய்வத்தோட தேவாலயத்துக்குள்ள எவ்வளவு பத்திரமா வச்சுப் பூட்டியிருக்கிற ஆபரணம். அது அன்னைக்கு யானை மேல ஏறித் தெருவுக்கு வருதே, ஏன் ஐயா? எங்க மாரியம்மாவும் அப்பிடித்தான். மூலஸ்தானத்துச் செலை அசையாது. ஆனா திருவிழா அன்னைக்குத் தேர்ல ஏறி ஒவ்வொரு லயத்து வாசலுக்கும் வர்றா. கோயிலுக்கு நடந்து வர ஏலாதவங்க இருக்காங்கன்னு சாமிக்குத் தெரியும். சாமி சட்டத்தை மீறுதுன்னு யாராவது சொல்றோமா? ஒங்க புத்தகம் அதைவிட மேலயா ஐயா?"

நான் தினமும் விளக்கேற்றுகிறவன். வருஷா வருஷம் தேர் வடம் பிடிக்கிறவன். தேர் எங்கள் வாசலுக்கு வரும்போதெல்லாம் உள் காம்பராக் கதவைச் சாத்திவிட்டு வந்து தட்டை நீட்டியிருக்கிறேன். அம்மன் யாரைப் பார்க்க வந்தாளோ அவளை மறைத்துவிட்டு நான் அர்ச்சனை செய்திருக்கிறேன்.

வரிசையின் ஓரத்தில் ஒரு சிங்களக் கிழவி கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தது. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மட்டத் பே, புத்தே." எனக்கும் முடியாது மகனே என்று பதிவாளரைப் பார்த்துச் சொன்னாள். காலையிலிருந்து யாராவது மேலே போய்த் தன் காகிதத்தைக் கொடுப்பார்களா என்று காத்துக்கொண்டிருந்தாளாம். பதிவாளர் அவளைப் பார்த்தார். பெஞ்சில் பணிஸ் தின்றுகொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

போச்சு என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் ஒரு மேசையைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் கிளாக்கர் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். குடைக்கு அடியில் பதிவாளர். அவர் இரண்டு கையிலும் பெரிய பதிவுப் புத்தகம், வெள்ளைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி. ஒவ்வொரு படியாகக் காலை வைத்து, தூறலில் நனையாமல் அது இறங்கி வந்தது. என்னையறியாமல் கை இரண்டும் கூடிவிட்டது. பக்கத்தில் நானா, "அல்லாஹ்வே" என்று முணுமுணுத்தார்.

மெம்பர் மட்டும் சிரிக்கவுமில்லை, கையைத் தட்டவுமில்லை. மேசைக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்று, "அம்மாவுக்கு முதல்ல" என்று அந்தக் கிழவியைக் காட்டினார். அவள் வேலை முடிந்த பிறகுதான் எங்கள் முறை.

பதிவாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ள ஒன் பிள்ளதானா?"

"ஆமாங்க மாத்தயா."

"அப்ப ஏன் இத்தன வருசமா இல்லேன்னு எழுதினே?"

மெம்பரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால், என் மகள் கேட்கிற தூரத்தில், நானே சொன்னேன்.

"வெக்கப்பட்டு மறச்சேங்க. பிள்ள மேல தப்பில்ல. எல்லாம் என் தப்பு."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. டிஸ்பென்சரிப் புத்தகத்திலிருந்து எடுத்த வரியைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். "பேரு?" என்று என்னிடம் கேட்டார். அதற்கு முன்னமே பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது.

"செல்வராணிங்க."

எழுதினார். மை காயும்வரை எல்லோரும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மெம்பர் அதோடு விடவில்லை. மார்கழியில் எங்களில் பத்துப் பேரை ஒரு வான் வண்டியில் ஏற்றி இரத்தினபுரிக்கு, மாகாண சபைக்கே கூட்டிப் போனார். நாங்கள் பின்வரிசையில் காலைக் கூட்டி வைத்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருந்தோம். சனம் வருகிற எந்தக் கந்தோராக இருந்தாலும் ஒரு மேசை கீழ்த்தட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கொண்டுவந்த பிரேரணை. அங்கவீனர், வயதானவர், பிள்ளைத்தாய்ச்சி என்று வரிசையாகச் சொன்னார். எதிர்ப்பக்கத்து மெம்பர் ஒருவர் எழுந்து, "ஒருவருடைய காலுக்காக மாகாணத்தில் உள்ள படிக்கட்டையெல்லாம் இடிக்கச் சொல்கிறீர்களா?" என்று கேலி செய்தார். சபையே சிரித்தது.

இவரும் சேர்ந்து சிரித்தார். "இடிக்க வேண்டாம் கௌரவ உறுப்பினரே. படி இருக்கட்டும். நல்ல கால் உள்ளவர்களுக்கு அது உடம்புக்கு நல்லது. மேசையை மட்டும் கீழே போடுங்கள். அப்புறம், எனக்கு இந்தக் கால் இருபது வயதில் வரவில்லை, நாலு வயதில் வந்தது. உங்களுக்கு எழுபது வயதில் வரும். அன்றைக்கு இந்தப் பிரேரணையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்."

இந்தத் தரம் சிரிப்பு வேறு பக்கத்தில் எழுந்தது. கை தூக்கச் சொன்னபோது கேலி செய்தவரும் தூக்கினார். வெளியே வந்ததும் மெம்பர் எங்களைப் பார்த்து, "நல்லா இருந்திச்சா?" என்று கேட்டார். பரிசு வாங்கின பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

இன்னும் ஒரு தடை பாக்கி இருந்தது. ஓடையின் குறுக்கே இரண்டு ரப்பர் மரத் துண்டுதான் பாலம். மெம்பர் தேடிக் கொடுத்த சக்கர நாற்காலி அதில் போகாது. தோட்டத்து மானேஜர், பெரிய தொரையிடம் போனோம்.

"ஒரு பிள்ளைக்காக ஒரு பாலமா?" என்றார் தொரை.

"ஒரு பிள்ளைக்குத்தான் தொரை. ஆனா அதே பாலத்தில வாளி தூக்கிற பொம்பளைங்களும் வழுக்காமப் போவாங்க. ஒங்க பாலு ஓடையில கொட்டாது. போன மழையில எத்தன வாளி போச்சுன்னு கங்காணியக் கேளுங்க."

தொரை கங்காணியைக் கேட்கவில்லை. பலகை கொடுத்தார். பௌர்ணமிப் போயா லீவு நாளில் லயத்து ஆம்பிளைகள் எல்லோரும் சேர்ந்து பாலம் அடித்தோம். கைப்பிடியும் வைத்தோம். மெம்பர் முதலில் தன் கட்டையோடு அங்கும் இங்கும் இரண்டு தரம் நடந்து பார்த்து, ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி அதை அடிக்க வைத்தார்.

தை மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று செல்வராணி அந்தப் பாலத்தின் மேலாகப் போனாள். மூத்தவள் நாற்காலியைத் தள்ளினாள். நாங்கள் இந்தப் பக்கமே நின்றோம். என் மனைவி அழுகிற சத்தம் போடக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கோயிலில் அன்றைக்குத் தேங்காய் உடைத்தேன்.

எட்டாம் நாள் வகுப்பு டீச்சர் ஆள் அனுப்பினார். பதறிப்போய், பால் வாளியைக் கங்காணியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். பிள்ளைக்கு என்னவோ, முடியாது என்று திருப்பி அனுப்பப் போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டே ஓடையைத் தாண்டினேன்.

"ஒங்க மகளக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்றார் டீச்சர். "பக்கத்துப் பிள்ளையோட பென்சிலப் பறிச்சிட்டா. கேட்டதுக்குக் கிள்ளியும் விட்டுட்டா. கணக்குப் பாடத்தில மத்தவங்களச் சொல்லவே விட மாட்டேங்கிறா. ஏன் சிரிக்கிறீங்க?"

"இல்லீங்க டீச்சர். சிரிக்கலீங்க. கண்டிக்கிறேன்."

திரும்பி வருகிற வழியில், ரோட்டுப் பள்ளத்தைப் பார்க்க வந்திருந்த மெம்பரைக் கண்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"யாரக் கிள்ளினா?"

"நம்ம சம்பளக் கணக்கு எழுதுற கணக்கப்பிள்ளை மகளங்க."

கட்டை நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஏசுங்க" என்றார். "ஆனா ஒண்ணு. வீட்டுக்குள்ள வச்சு ஏசாதீங்க. வாசல்ல வச்சு ஏசுங்க."

சாயங்காலம் அவள் நாற்காலியை வாசலுக்கு நடுவில் நிறுத்தினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஊரில் எல்லா அப்பன்மாரும் ஏசுகிற மாதிரி ஏசினேன். "பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போறியா, ரவுடித்தனம் பண்ணப் போறியா? நாளைக்கு இன்னொரு வழக்கு வந்திச்சு, தோலை உரிச்சிருவேன்." அவளும் எல்லாப் பிள்ளைகளையும் போலத் தலையைக் குனிந்துகொண்டு, உதட்டைப் பிதுக்கி, "அவதான் மொதல்ல புடிச்சு இழுத்தா" என்று முணுமுணுத்தாள். சத்தம் லயம் முழுக்கப் போயிற்று. ஒவ்வொரு காம்பராவாக ஆட்கள் வெளியே வந்தார்கள். கடைசி வீட்டு அக்கா கரண்டியோடு ஓடி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"போதும் விடுங்க அண்ணே. பிள்ளையப் போட்டு இந்த ஏச்சு ஏசுறீங்க. எந்தப் பிள்ளதான் கிள்ளாது?"